இந்த வருஷம் எந்த டெங்கு?

[திரையில்: ஒரு ஏடிஸ் கொசு. அதன் பின்னால் 1, 2, 3, 4 என்று எண்ணிட்ட நான்கு உருண்டைகள்]

"போன வாட்டியை விட இந்த வாட்டி டெங்கு வீரியமா இருக்கு." மழைக்காலம்தோறும் காதில் விழும் பேச்சு இது. அதே வைரஸ் பலம் ஏறித் திரும்பி வந்ததாக நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு: வைரஸின் வகையே மாறிவிட்டது.

டெங்கு என்ற ஒற்றைப் பெயருக்குள் டென்-1 முதல் டென்-4 வரை நான்கு வகைகள். புரதங்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒத்துப்போகாது. டென்-1 வந்து தேறியவருக்கு அதே டென்-1 மறுபடி வருவது அபூர்வம். மற்ற மூன்றுக்கும் எதிரான காப்பு சில மாதங்கள், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகள். வில்லங்கம் அதற்குப் பிறகுதான். முதல் தொற்றில் உடம்பு உண்டாக்கிய எதிர்பொருள் (வைரஸைப் பிடிக்கும் தற்காப்புப் புரதம்) புது வகையைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. பிடித்த கையோடு வெள்ளணுவுக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். வைரஸ் பெருகுவதே அங்கேதான். கியூபாவில் 1977-இல் டென்-1 பரவியது. 1981-இல் டென்-2 வந்தபோது 158 பேர் இறந்தார்கள்.

[திரையில்: நீண்ட ஆர்என்ஏ இழை. ஓர் எழுத்து மட்டும் சிவப்பாக மாறுகிறது]

சரி, ஒரே வகைக்குள் வைரஸ் மாறுவதே இல்லையா? ஓயாமல் மாறுகிறது. அதன் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழையான ஆர்என்ஏ சுமார் 10,700 எழுத்து நீளம். நகலெடுக்கும் நொதியின் பெயர் என்எஸ்5. எழுதியதைத் திருப்பிப் பார்த்துத் திருத்தும் வழக்கம் அதற்குக் கிடையாது. நகலுக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல் உச்சத்தில் ஒரு மில்லி ரத்தத்தில் கோடிக்கணக்கான நகல்கள்கூட ஓடும். ஆனாலும் ஓராண்டில் ஒரு கிளையில் (ஒரே மூதாதையிலிருந்து வந்த வைரஸ் வம்சத்தில்) நிலைப்பது ஏழெட்டு எழுத்து மாற்றம்தான்.

மீதியெல்லாம் எங்கே போயிற்று? கொசுவின் வயிற்றுக்குள் பாருங்கள். அது ஒரு தடவை உறிஞ்சும் ரத்தம் இரண்டு மூன்று மைக்ரோலிட்டர். அதிலுள்ள வைரஸ்களில் குடற்சுவரைத் தொற்றுபவை கொஞ்சம். உமிழ்நீர்ச் சுரப்பி வரை போய்ச் சேர்பவை அதிலும் கொஞ்சம். மனித உடலில் கொடிகட்டிப் பறந்த மாற்றம் கொசுக்குடலில் மண்ணைக் கவ்வலாம். இரண்டு இடத்திலும் பிழைக்கத் தெரிந்ததுதான் மிஞ்சும். பல நேரம் தகுதிகூட இல்லை, குருட்டு அதிர்ஷ்டம்.

வைரஸ் குடலிலிருந்து சுரப்பிக்குப் போக 30 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரம், 25 டிகிரியில் இரண்டு வாரம் ஆகும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள் என்பதால் இந்த ஐந்து டிகிரி பெரிய விஷயம்.

[திரையில்: உலக வரைபடம்]

ஏடிஸ் பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. வைரஸ் கடல் தாண்டுவது மனித உடம்பில். கடிபட்ட 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். அதற்கு ஓரிரு நாள் முன்பே ரத்தத்தில் வைரஸ் வந்துவிடும். அலுங்காமல் விமானம் ஏறுகிறாரே, அவர்தான் வாகனம். ஆசியாவில் சுற்றிய டென்-3-இன் மூன்றாம் மரபுவகை (ஒரு வகைக்குள் இருக்கும் உட்பிரிவு) 1994-இல் நிகராகுவாவிலும் பனாமாவிலும் தென்பட்டது அப்படித்தான்.

கிளை மாறினால் நோயின் கடுமையும் மாறுமா? சில இடங்களில் மாறியிருக்கிறது. இலங்கையில் நான்கு வகையும் முன்பே இருந்தும் கடும் டெங்கு குறைவு. 1989-இல் அது தலைதூக்கியபோது டென்-3-இன் பழைய கிளை போய்ப் புதுக் கிளை வந்திருந்தது. பெருவின் இக்கீட்டோஸ் நகரில் 1995-இல் நேர்மாறு: டென்-1 வந்தவர்களை டென்-2 பரவலாகத் தாக்கியும், அது அமெரிக்க மரபுவகை என்பதால், எதிர்பார்த்த ரத்தக்கசிவு நோய் வரவில்லை. ஆகவே எல்லாப் பழியையும் எதிர்பொருள் மேல் போடவும் முடியாது. ஆனால் 2017-இல் இலங்கையில் 1,86,101 பேர் பாதிக்கப்பட்டதற்கு எளிய காரணம் ஒன்றும் இருந்தது: அந்த ஆண்டு பரவியது டென்-2. 2009 முதல் அங்கே கோலோச்சியது டென்-1, அதனால் டென்-2-ஐ அறியாத உடம்புகள் ஏராளம்.

[திரையில்: ஜெல் படம். நான்கு பட்டைகள்]

எந்த வகை என்று கண்டுபிடிப்பது எப்படி? ரத்தத்தில் என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்தைத் தேடும் வழக்கமான சோதனை அட்டை டெங்கு என்று மட்டும் சொல்லும், வகை சொல்லாது. காய்ச்சல் தொடங்கி 5 நாளுக்குள் ரத்தம் எடுத்து, வைரஸ் ஆர்என்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் ஆர்டி-பிசிஆர் சோதனை செய்ய வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் போட்ட குழாய் வேண்டாம், அது பிசிஆரைத் தடுக்கும். சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரை) பிரித்து 2 முதல் 8 டிகிரியில் அனுப்புங்கள். உறையவைத்து உருக்கி மறுபடி உறையவைத்தால் ஆர்என்ஏ சிதையும். பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் லான்சியாட்டி முறையில், ஜெல்லில் பட்டையாக விழும் மரபுத் துண்டின் நீளமே (எழுத்து இணைகளில்) விடை: டென்-1 என்றால் 482, டென்-2 என்றால் 119, டென்-3 290, டென்-4 392.

இங்கே ஒரு பொறி. நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் சிறு துண்டான பிரைமர் ஒட்டும் இடத்திலேயே வைரஸ் மாறியிருந்தால் பட்டை விழாது. என்எஸ்1 பளிச்சென்று பாசிட்டிவ், பிசிஆர் நெகட்டிவ் என்று அடுத்தடுத்து வந்தால் மாதிரிகளைத் தூக்கிப் போடாமல் வரிசைமுறை பார்க்க (வைரஸின் மரபெழுத்துகளை வரிசையாகப் படிக்க) அனுப்ப வேண்டும். இன்னொன்று, மருத்துவமனையில் சேர்ந்த கடும் நோயாளிகளின் மாதிரியை மட்டும் வரிசைப்படுத்தினால் எந்தக் கிளையும் கொடூரமாகத்தான் தெரியும். லேசான காய்ச்சலோடு வீடு திரும்பியவர்களின் மாதிரியும் கலந்திருக்க வேண்டும். அப்படி வாராவாரம் பார்க்கும்போது, ஓரத்தில் கிடந்த ஒரு வகையின் பங்கு தொடர்ந்து ஏறினால், நோயாளி எண்ணிக்கை எகிறும் முன்பே படுக்கைக்கும் சலைனுக்கும் ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைக்கும்.