இல்லாத கோட்டைக்குள் ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலைப் பார்க்கிறார்கள், ஊரைப் பார்ப்பதில்லை. காரில் வந்து இறங்கி, தரிசனம் முடித்து, ஆயிரங்கால் மண்டபத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு ராமேசுவரத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரிகிற வீதிகளைக் காலால் நடந்து பார்த்தால்தான் ஊர் பிடிபடும். பழைய மதுரையை நடந்து காட்டுவதுதான் என் தொழில். அந்த நடை எப்படிப் போகும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் கோயிலில் தொடங்குவதில்லை. வெளியிலிருந்து உள்ளே போவதுதான் என் வழக்கம். காலை ஆறரை மணிக்குப் பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் எல்லோரும் கூடிவிட வேண்டும். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று கேட்பார்கள். வெயில் ஒரு காரணம். இன்னொரு காரணம், கடை திறந்துவிட்டால் தெருவில் சரக்கும் வண்டியும் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஷட்டர் மூடியிருக்கிற நேரத்தில்தான் தலையைத் தூக்கி மாடியைப் பார்க்க முடியும். மதுரையின் பழைய வீடுகள் மாடியில்தான் மிச்சமிருக்கின்றன. கீழ்த்தளம் முழுக்கக் கடையாகிவிட்டது. மேலே மரத்தூணும், சுதை வேலைப்பாடும், வளைவு வைத்த ஜன்னலும் விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் காட்டுவது ஒரு சுவர்த் துண்டு. மேலவாசல் என்ற இடத்தில் பழைய கோட்டையின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. பேருந்துக்கு ஓடுகிற ஆயிரக்கணக்கான பேரில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் கட்டிய கோட்டை அது. அதற்கு 72 கொத்தளங்கள் இருந்தன என்றும், நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தபோது ஒவ்வொரு பாளையக்காரருக்கும் ஒரு கொத்தளத்தைக் காக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டது என்றும் சொல்வார்கள். அந்த ஏற்பாட்டில் மூளையாக இருந்தவர் தளவாய் அரியநாத முதலியார். குதிரை மேல் அவர் உட்கார்ந்திருக்கும் சிலையை ஆயிரங்கால் மண்டபத்து வாசலில் பார்க்கலாம்.

சரி, அவ்வளவு பெரிய கோட்டை எங்கே போயிற்று? பீரங்கியால் யாரும் தகர்க்கவில்லை. ஒரு கலெக்டர் இடிக்கச் சொன்னார், ஊர்க்காரர்கள் இடித்தார்கள். ஜான் பிளாக்பர்ன் என்பது அவர் பெயர். 1830களின் பிற்பகுதியிலும் 1840களிலும் நடந்த வேலை இது. சுவருக்குள் ஊர் மூச்சுமுட்டிக் கிடந்தது; அகழியில் தண்ணீர் தேங்கிக் காய்ச்சல் பரவியது. அரசாங்கத்திடம் பணம் இல்லையோ, கொடுக்க மனம் இல்லையோ, பிளாக்பர்ன் ஒரு தந்திரம் செய்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த நிலத்தில் இடம் என்று அறிவித்தார். கோட்டைக்குக் காவல் தெய்வங்கள் உண்டு, கை வைத்தால் சும்மா விடாது என்று ஆட்கள் பயந்ததாகவும், பூசைகள் செய்து அந்தத் தெய்வங்களைக் கோயிலுக்குள் எழுந்தருளச் செய்த பிறகே கடப்பாரை எடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. எனக்குப் பிடித்த கதை. வரி வசூலிக்கும் கலெக்டர் தெய்வங்களுக்கும் வீடு மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது, பாருங்கள்.

தூர்த்த அகழியின் மேல்தான் இன்று நடக்கிறோம். மேற்கே பெருமாள் மேஸ்திரி வீதி, தெற்கிலும் கிழக்கிலும் மாரட் வீதி. அந்தப் பணியில் பிளாக்பர்னுக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு பேர் இவர்கள்: பெருமாள் ஒரு மேஸ்திரி, மாரட் ஒரு நில அளவையாளர். பாண்டியர்களும் நாயக்கர்களும் ஆண்ட ஊரில், ஒரு மேஸ்திரியின் பெயரில் இத்தனை பெரிய வீதி இருப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிற விஷயம்.

இந்த வட்டாரத்திலேயே கூடலழகர் கோயில் இருக்கிறது. இருந்த, நின்ற, கிடந்த என்று மூன்று கோலத்திலும் பெருமாளை ஒரே விமானத்தில் சேவிக்கலாம். கொஞ்ச தூரத்தில் காஜிமார் தெருப் பள்ளிவாசல். பாண்டியர் காலத்திலேயே அந்த இடம் வழங்கப்பட்டது என்பது அங்குள்ளவர்களின் மரபு. இரண்டும் தனியாக ஒரு காலை வேளையைக் கேட்கிற இடங்கள். வழியில் நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அப்புறம் மேல மாசி வீதி. இங்கே இரண்டு இடங்களில் நிற்பேன்.

ஒன்று, காந்தி தங்கிய வீடு. கதவு எண் 251ஏ. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி, இந்த வீட்டு மாடியில்தான் காந்தி தம் சட்டையையும் தொப்பியையும் முழு வேட்டியையும் விட்டார். அதன் பிறகு கடைசிவரை அரையாடைதான். வைகைக் கரையில் கிழிந்த சேலையோடு ஒரு ஏழைப் பெண்ணைப் பார்த்து மனம் மாறினார் என்று உருக்கமாகச் சொல்கிற வழிகாட்டிகள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காந்தி எழுதிவைத்தது வேறு. சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது, பெட்டியில் இருந்தவர்களெல்லாம் அந்நியத் துணி உடுத்தியிருந்தார்கள். கதர் உடுத்துங்கள் என்று இவர் பேச்சுக் கொடுக்க, எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை, கதர் விலை அதிகம் என்று அவர்கள் தலையாட்டினார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. இத்தனை உடுப்போடு நான் எப்படி இவர்களுக்கு உபதேசம் செய்வது என்ற கேள்வியோடுதான் மதுரையில் வந்து இறங்கினார். கண்ணீர்க் கதையைவிட இந்த ரயில் பெட்டி வாக்குவாதம் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. கூட நடப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். வீட்டின் கீழே இன்று கதர்க் கடை இருப்பதும் பொருத்தம்தான். அரையாடையோடு அவர் முதலில் மக்கள் முன் பேசிய இடம் காமராசர் சாலையில், காந்தி பொட்டல் என்ற பெயரோடு இருக்கிறது.

இன்னொன்று, அதே வீதியிலுள்ள மதன கோபால சுவாமி கோயில். சின்னக் கோயில். இதன் பதினாறாம் நூற்றாண்டு மண்டபம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1912இல் அடலைன் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி மதுரைக்கு வந்தபோது, பிரித்துப்போட்ட மண்டபத்தின் கருங்கல் தூண்களும் சிற்பங்களும் இங்கே குவியலாகக் கிடந்தன. அவர் அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றி ஃபிலடெல்பியாவுக்கு அனுப்பினார். அவர் நினைவாக 1919இல் குடும்பத்தார் அங்குள்ள கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று அந்தத் தூண்கள் மாடிக்கூடம் ஒன்றில் மறுபடி மண்டபமாக நிற்கின்றன. இதைச் சொன்னதும் கூட்டத்தில் கோபமான முணுமுணுப்பு எழும். கோபம் நியாயம்தான். ஆனால் வாங்கியவர் மேல் மட்டும் கோபப்படுவது சரியில்லை என்று நினைக்கிறேன். விற்றவர் இங்கேதானே இருந்தார்? தூணைக் குவியலாகப் போட்டதும் நாம்தானே?

மாசி வீதிகளைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு மறுநாள் தேரோட்டம். சித்திரை மாதத் தேர், ஆனால் ஓடுவது மாசி வீதிகளில். திருமலை நாயக்கர் காலம் வரை மீனாட்சி கல்யாணம் மாசி மாதத்தில்தான் நடந்தது. அழகர் ஆற்றில் இறங்குவது சித்திரையில், அதுவும் சோழவந்தான் பக்கம் தேனூரில். இரண்டையும் சேர்த்து, மதுரை வைகையிலேயே ஒரே பெருவிழாவாக்கியவர் திருமலை நாயக்கர். மாசியில் அறுவடை மும்முரம், தேர் இழுக்க ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு காரணம் சொல்வார்கள். விழாவை மாற்ற முடிந்தது. ஆனால் தேர் போகிற அகலமும் திரும்புகிற முக்கும் மாசி வீதிகளில்தான் இருந்தன, அதனால் தடம் மாறவில்லை. அந்த முக்கில் நின்று பார்த்தால் தெரியும், அங்கே இருக்கிற இடமெல்லாம் தேர் வளைவதற்காக விட்ட இடம். இப்போது அதில் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. மேல மாசியும் வடக்கு மாசியும் சேர்கிற இடத்தில் அரசியல் கட்சிகள் பொதுக்கூட்டம் போட்டுப் பழகியதற்கும் அந்த அகலம்தான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடல். மூடியிருக்கும்போது வேகமாகக் கடந்துவிடலாம். திறந்துவிட்டால் கூட வருகிறவர்களில் பாதிப்பேர் காணாமல் போய்விடுவார்கள். அதன் கிழக்கு முனையில் விளக்குத்தூண். பெயர் எல்லோருக்கும் தெரியும், ஜிகர்தண்டா குடிக்கப் போகிற இடம். பாலைச் சுண்டக் காய்ச்சி, பாதாம் பிசின் ஊறவைத்து, நன்னாரி சர்பத் ஊற்றி, மேலே ஐஸ்கிரீம் வைத்துக் கொடுப்பார்கள். எதிரே நிற்கிற இரும்பு விளக்குத்தூண் யாருக்காக வைத்தது தெரியுமா? நாம் முன்பே பார்த்த பிளாக்பர்னுக்காக. கோட்டையை இடித்தவருக்கு ஊர் வைத்த மரியாதை.

இங்கிருந்து ஒரு சந்துக்குள் கூட்டிப்போவேன். பத்துத்தூண் சந்து. என் நடையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இரண்டு பக்கமும் துணிக்கடை, மூட்டை, தள்ளுவண்டி. திடீரென்று சந்தின் நடுவே, மாடிகளைத் தாண்டி உயர்ந்து நிற்கின்றன பத்துத் தூண்கள். மேலே கூரை இல்லை. எதையும் தாங்கவில்லை. திருமலை நாயக்கர் அரண்மனையின் இன்னொரு பகுதி இங்கே இருந்தது, அதில் மிஞ்சியவை இவை. இன்று நாம் மகால் என்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது, 1636இல் கட்டிய அந்த அரண்மனையின் ஒரு பங்குதான். மகாலுக்கும் இந்தச் சந்துக்கும் உள்ள தூரத்தை நடந்தால்தான் அரண்மனை எவ்வளவு பெரியது என்று கால் சொல்லும். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, இங்கே பெயர்த்ததை அங்கே கொண்டுபோனார். மிஞ்சியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளுநர் நேப்பியர் பிரபு பழுது பார்த்தார். அப்புறம் நெடுங்காலம் அதற்குள் நீதிமன்றம் நடந்தது. மகாலின் தூணை மூன்று பேர் கைகோத்துக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்காமல் எந்தக் குழுவும் நகராது. சுற்றுவட்டாரத்தில் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. சுங்குடிச் சேலை அவர்கள் கைவண்ணம்.

கீழ மாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே தேரடியைக் கடந்து, உள்ளே திரும்பி ஆவணி மூல வீதிக்கு வந்தால் விட்டவாசல். அம்மன் சன்னதித் தெருவின் குறுக்கே நிற்கிற ஒரு கல் வாசல். பாண்டியர் கோட்டையின் வாசல் இது என்கிறார்கள். விசுவநாத நாயக்கர் தம் பெரிய கோட்டையைக் கட்டும்போது, உள்ளே இருந்த பழைய சிறிய கோட்டையை இடித்தார்; இந்த ஒரு வாசல் நின்றுவிட்டது. பிளாக்பர்னைத் திட்டியபடி வந்தவர்கள் இங்கே கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள். தமக்கு முந்நூறு வருடத்துக்கு முன்னால் நாயக்கர் செய்ததையே அவரும் செய்தார். ஊர் வளரும்போதெல்லாம் மதுரையில் சுவர் விழுந்திருக்கிறது.

கடைசி நிறுத்தம் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, புதுமண்டபம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது ஒரு சந்தை. தூணுக்குத் தூண் தையல் மெஷின், பாத்திரம், வளையல், பள்ளிப் புத்தகம். அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறவர்களுக்கு உடுப்பும் அங்கேதான் தைப்பார்கள். யாளியின் காலில் அளவுநாடா தொங்கும். சில ஆண்டுகளுக்கு முன் கடைகளைப் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு அது நல்லது, மறுக்கமுடியாது. 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் கடைகளோடு சேர்ந்து தீப்பிடித்து எரிந்ததைப் பார்த்தவர்கள் யாரும் வேறு மாதிரி பேச முடியாது. ஆனாலும் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிவரும்போது, காலியான மண்டபத்தைவிடச் சத்திரத்துத் தையற்காரர்களிடம்தான் அதிக நேரம் நிற்கிறேன். நாயக்கர் சிலைகளைப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

கோயிலுக்குள் நான் கூட்டிப்போவதில்லை. அது இன்னொரு நாள் வேலை. வாசலில் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புவேன்: 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் தலைமையில், பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்ட, தீண்டாமையால் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் உள்ளே போனார்கள். அதுவரை இந்த வாசலுக்குள் அவர்களுக்கு அனுமதி இல்லை. அதற்கு எழுந்த எதிர்ப்பைச் சமாளிக்க அரசாங்கம் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

நீங்களாகவே நடப்பதானால், மேற்கிலிருந்து தொடங்குங்கள். காலை வெயில் எதிரே அடிக்கும், ஒரு தொப்பி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரம் போதும். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது, உள்ளேயும் போகிறதாக இருந்தால் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வழி தெரியாவிட்டால் பூக்காரம்மாவைக் கேளுங்கள். எந்த வீதியில் நிற்கிறீர்களோ அதை வைத்தே வழி சொல்லிவிடுவார். வணக்கம்.