கறார் விலை: குவேக்கர் கடைக்காரர்களும் ஒரு ஃபார்திங் காசும்

[காட்சி: பழைய இங்கிலாந்துக் கடைத்தெரு]

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து. துணிக்கடைக்காரர் பத்து ஷில்லிங்னு ஆரம்பிப்பார். வாங்க வந்தவர் நாலுக்குக் கேட்பார். கடைசியில ஏழுக்குப் படியும். பத்தும் பொய், நாலும் பொய்னு ரெண்டு பேருக்குமே தெரியும். நம்ம ஊர்லயும் இதை யாரும் பாவம்னு சொல்ல மாட்டாங்க, சாமர்த்தியம்னுதான் சொல்வாங்க.

ஆனா ஜார்ஜ் ஃபாக்ஸ்ங்கிற போதகர் பின்னாடி போன குவேக்கர்கள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவினருக்கு இது நெருடுச்சு. காரணம், மத்தேயு 5:37. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்." இந்த வசனத்தை வச்சுத்தான் கோர்ட்டுல சத்தியப் பிரமாணமே எடுக்க மாட்டோம்னு ஜெயிலுக்குப் போனாங்க. அதே வசனத்தைக் கல்லாப்பெட்டி வரைக்கும் கொண்டுபோனாங்க. ஏழுக்குக் கொடுக்கத் தயாரா இருக்கிறவன் பத்துன்னு வாய்விட்டுச் சொன்னா, அது பொய்தானே? அதனால ஒரே விலை. கறார் விலை.

முதல்ல வியாபாரம் படுத்துடுச்சு. பேரம் பேசாம வாங்கினா யாருக்குத்தான் திருப்தி? அப்புறம் நடந்ததை ஃபாக்ஸே எழுதி வச்சிருக்கார்: சின்னக் குழந்தைகிட்ட காசைக் கொடுத்து அனுப்பினாலும், பெரியவங்களுக்குக் கிடைக்கிற அதே விலை, அதே சரக்கு குவேக்கர் கடையில கிடைக்கும்னு ஜனங்களுக்குப் புரிஞ்சுது. கூட்டம் திரும்பி வந்துச்சு.

சத்தியம் பண்ணாததால பல்கலைக்கழகப் பட்டமும் அரசாங்கப் பதவியும் அவங்களுக்கு எட்டல. மிச்சம் இருந்தது வியாபாரம். பார்க்ளேஸ், லாயிட்ஸ் வங்கிகளுக்கு வேர் அங்கதான். பிரிஸ்டல்ல ஃப்ரை, பர்மிங்காம்ல காட்பரி, யார்க்ல ரௌன்ட்ரீ, மூணு சாக்லேட் குடும்பமும் குவேக்கர்தான்.

இன்னொரு வழக்கமும் இருந்துச்சு. கடனை அடைக்க முடியாம திவாலானா, சபை விசாரிச்சு நீக்கிடும். எலிசபெத் ஃப்ரை தெரியும்ல? சிறைச் சீர்திருத்தவாதி, பிரிட்டனோட ஐந்து பவுண்டு நோட்டுல கூட இருந்தாங்க. 1828ல அவங்க வீட்டுக்காரரோட வங்கி நொடிச்சுது. மனைவி எவ்வளவு பெரிய ஆளுன்னு பார்க்கல, அவரை நீக்கிட்டாங்க. கொடூரமா தெரியலாம். எனக்கு அது நியாயமாத்தான் படுது. ஊரான் காசை வச்சு அகலக்கால் வைக்கிறவங்களைத் தட்டிக்கேட்க அன்னைக்கு வேற யாரு இருந்தாங்க?

[காட்சி: ஆப்பிரிக்க வரைபடம், மேற்குக் கடலில் சாவோ தோமே தீவு]

இதுவரைக்கும் விசுவாசமும் சந்தையும் அழகா கைகோத்துப் போகுது. இங்கதான் இடிக்குது.

1900 வாக்குல காட்பரிக்கு வந்த கொக்கோவுல ஏறக்குறைய பாதி, போர்ச்சுகல் கையில இருந்த சாவோ தோமேலேர்ந்து. 1901ல அங்க ஒரு தோட்டம் விலைக்கு வருது. சொத்துப் பட்டியல்ல 200 கறுப்பினத் தொழிலாளிகளும் இருக்காங்க, பக்கத்துல விலையோட! அங்கோலாலேர்ந்து கூட்டிட்டு வந்தவங்க. பேருக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம், ஆனா ஊர் திரும்பினவங்க யாரும் இல்லைன்னே சொல்லலாம்.

பட்டியலைப் பார்த்த காட்பரி குடும்பம் விசாரிச்சுது, லிஸ்பனுக்குப் போய்ப் பேசினாங்க, ஆள் அனுப்பி அறிக்கை வாங்கினாங்க. கொக்கோவையும் வாங்கிட்டே இருந்தாங்க. "நாங்க நிறுத்தினா வேற எவனோ வாங்குவான். வாங்குற வரைக்கும்தான் எங்க பேச்சுக்கு மதிப்பு"ங்கிறது அவங்க வாதம். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையும் பொறுங்கன்னுதான் சொல்லுச்சு. ஒரு வருஷத்துக்கு இந்த வாதத்தை நான் ஏத்துக்குவேன். எட்டு வருஷத்துக்கு?

1908ல ஸ்டாண்டர்ட் பத்திரிகை இதைக் கிழிச்சு எழுதுச்சு. காட்பரி அவதூறு வழக்கு போட்டாங்க. 1909 மார்ச்ல சாவோ தோமே கொக்கோவை நிறுத்தினாங்க. அந்த வருஷக் கடைசியில வழக்கு பர்மிங்காம்ல விசாரணைக்கு வந்துச்சு. பத்திரிகை தரப்பு வக்கீல் எட்வர்ட் கார்சன், கூண்டுல நின்ன வில்லியம் காட்பரிகிட்ட கடைசியா கேட்டார்: உங்க கொக்கோவுக்காக 1901லேர்ந்து 1908 வரைக்கும் எத்தனை அடிமைகள் செத்தாங்கன்னு கணக்கு வச்சிருக்கீங்களா? இல்லைங்கிறதுதான் பதில்.

ஜூரி காட்பரி பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு. நஷ்டஈடு ஒரு ஃபார்திங். கால் பென்னி.

கவனிங்க, காட்பரி கடையில யாரும் பொய் விலை சொல்லல. ஆனா அந்தக் கறார் விலைக்குள்ள ஒதுங்கிப் போக முடியாத ஒரு ஆள் இருந்தான். ரெண்டு பக்கமும் "வேண்டாம்"னு சொல்ல முடிஞ்சாத்தான் அது சந்தை. அங்கோலாக்காரன் விஷயத்துல இருந்தது சந்தையே இல்ல.

அப்புறம் காட்பரி போனது கோல்ட் கோஸ்ட்டுக்கு, இன்னைக்கு அது கானா. அங்க கொக்கோ போட்டவங்க பெரும்பாலும் உள்ளூர் விவசாயிகள். விலை கட்டலைன்னா சரக்கை நிறுத்தி வச்சாங்க, வாங்குற கம்பெனிகளோட மல்லுக்கட்டினாங்க. அதே கானாவுல, பக்கத்து ஐவரி கோஸ்ட்ல, கொக்கோ தோட்டத்துல குழந்தைங்க வேலை பார்க்கிறது இன்னும் ஓயல. அதைத் தனி வீடியோவாத்தான் பேசணும்.