கல்வெட்டுக்கு ஒரு முகம்

(யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் ஆண்டு விழாப் பட்டிமண்டபம். பொருள்: ‘அன்றாடப் பாவனைக்குக் கைத்தொலைபேசிக் கமெரா போதுமா, போதாதா?’ ‘போதும்’ அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் ஐயாவுக்கும், சபைக்கும், எனக்கு முன்னால முழங்கிப்போட்டு இப்ப தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிற எதிரணித் தலைவருக்கும் வணக்கம்.

தலைவர் நல்லாப் பேசினவர். எத்தினையோ வருசமாக் கலியாணவீடு, சாமத்தியவீடு எண்டு படம் எடுத்துத் திரியிறவர், பேசத்தானே வேணும். தன்ர கமெராவுக்குள்ள வெளிச்சத்தைப் பிடிச்சுப் படமாக்கிற சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர், போனுக்குள்ள கிடக்கிறது சுண்டுவிரல் நகமளவு எண்டார். ரெண்டையும் ஒப்பிடுறது கடலோட கிணத்தை ஒப்பிடுறது மாதிரி எண்டார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீங்கள். நானும் தட்டினன், உவமை வடிவாத்தான் இருந்தது.

ஆனால் ஐயா, யாழ்ப்பாணத்தில நிண்டுகொண்டு இந்த உவமையைச் சொல்லலாமோ? ஆறில்லாத ஊர் எங்கட ஊர். குடிக்கக் கிணறு, குளிக்கக் கிணறு, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கக் கிணறு. கடல் பெரிசு, ஆர் இல்லையெண்டது? ஆனால் காலமை எழும்பி வாளியைத் தூக்கிக்கொண்டு காரைநகர்க் கடலுக்கு ஓடுற ஒராளைக் காட்டுங்கோ பார்ப்பம். தலைவரே எங்கட கட்சிக்கு வந்து பேசிப்போட்டுப் போயிருக்கிறார். அவருக்கு என்ர முதல் நன்றி.

நான் ஆர் எண்டு சொல்லவேணும். அச்சகம் ஒண்டில கணினிக்கு முன்னால இருக்கிறனான். செத்தவீட்டு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிப் பதாகை, 31ஆம் நாள் அந்தியேட்டியில குடுக்கிற கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம், இதுதான் என்ர தொழில். மற்றவை சிரிக்கிற நேரத்துப் படங்களைத் தலைவர் கையாளுறார், அழுகிற நேரத்துப் படங்களை நான் கையாளுறன். அழுகிற நேரம்தான் தெரியும், எந்தப் படம் போதும், எது போதாது எண்டு.

ஒரு வீட்டில ஆள் போயிட்டால் அடுத்தநாள் காலமை அந்த வீட்டுப் பெடியன் ஒருத்தன் எங்கட கதவடியில நிப்பான். முந்தி எண்டால் கையில ஒரு என்வலப் இருக்கும். அதுக்குள்ள அடையாள அட்டை. “அக்கா, இதில இருந்து எடுக்கேலுமோ?” அது இல்லாட்டில் 80ஆம் ஆண்டு ஆற்றையோ கலியாணத்தில எடுத்த கூட்டப் படம். அதில மூண்டாவது வரிசையில, ரெண்டு கொண்டைக்கு நடுவில ஒரு முகம், ஒரு தோடம்பழக் கொட்டையளவு. அதை வெட்டிப் பெருப்பிச்சு, பக்கத்து வீட்டுக்காரியின்ர சீலைக்கரையைத் தோளில இருந்து அழிச்சு, ஒரு ஆளைச் செய்து குடுக்கவேணும். செய்து குடுத்திருக்கிறம். பிள்ளையள் பார்த்திட்டு, “அம்மாதான்... ஆனா அம்மா இல்லை” எண்டு சொன்னதையும் கேட்டிருக்கிறன்.

எங்கட வீட்டுக் கதையே அதுதான். 1995 ஒக்டோபர் 30. அப்ப எனக்கு 11 வயது. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டம், நீங்களும் வெளிக்கிட்டிருப்பீங்கள். நாவற்குழிப் பாலத்தில விடிய விடிய நிண்டதை இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்மா ஒரு பையில அரிசியும் உடுப்பும் எடுத்தவ. அல்பம் அலுமாரிக்குள்ள. அடுத்த வருசம் திரும்பி வந்தால் அலுமாரி இருக்கு, மேல ஓடு இல்லை. ஒரு மாரி முழுக்க மழை குடிச்ச அல்பம். ஒட்டிப்போன தாளை அம்மா மெல்ல மெல்லப் பிரிச்சா. பிரிக்கப் பிரிக்க முகம் எல்லாம் எதிர்த் தாளோட போட்டுது. உடுப்பு இருக்கு, சங்கிலி இருக்கு, கழுத்துக்கு மேல வெள்ளை. அம்மம்மா பிறகு செத்தபோது அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பிச்சுப் போட்டம். எங்கட அம்மம்மா வாழ்நாள் முழுக்கச் சிரிச்ச மனுசி. இப்ப எங்கட சுவரில தொங்குறவ, சோதனைச் சாவடியில நிக்கிற ஆரோ ஒரு மனுசி.

இப்ப வாற பெடியன் என்வலப் கொண்டு வாறேல்லை. போனை நீட்டுறான். “அக்கா, இதில நல்லதொண்டைப் பார்த்து எடுங்கோ.” போன மாதம் ஒரு அப்பப்பாவின்ர படம் வந்தது. விறாந்தைச் சாய்மனைக் கதிரை, மடியில வெத்திலைத் தட்டம், எடுக்கிற பேரப்பிள்ளையைப் பார்த்து ஏதோ பகிடி விட்டுக்கொண்டிருக்கிறார். முன்பல்லு ஒண்டு இல்லை. அது ஒரு சாதாரண போன், விலை கூடினதும் இல்லை. அட்டை முழுக்க அந்தப் படத்தைத்தான் போட்டன். அந்தியேட்டி அண்டைக்கு அவரின்ர மனுசி புத்தகத்தை வாங்கி, அந்தப் பல்லில்லாத இடத்தை விரலால தடவினவவாம்.

அதைத் தலைவரின்ர கமெரா எடுத்திருக்கேலாதோ? எடுத்திருக்கும், இன்னும் துல்லியமா. ஆனால் தலைவர் லைற்றை நட்டு, குடையை விரிச்சு, “ஐயா, கொஞ்சம் நிமிருங்கோ” எண்டு சொல்லேக்கை அப்பப்பா வாயை மூடியிருப்பார்.

எதிரணி சொல்லும், “உணர்ச்சியை விடு பிள்ளை, தரத்தைச் சொல்லு.” சொல்லுறன். இண்டைக்குச் சாதாரண போன் எடுக்கிற படம் அநேகமா 12 மெகாபிக்சல், அதாவது 120 லட்சம் புள்ளி. பெட்டியில 48, 50 எண்டு கொட்டை எழுத்தில போட்டிருக்கும். உள்ளுக்கு நாலு புள்ளியை ஒண்டாச் சேர்த்து 12தான் தரும். 4000க்கு 3000 புள்ளி. நல்ல அச்சுக்கு நாங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பம். கணக்குப் பாருங்கோ: 13 அங்குலத்துக்கு 10 அங்குலம் வரும். கல்வெட்டின்ர ஏ5 பக்கம் உயரம் எட்டேகால் அங்குலம், அகலம் ஆறுக்குக் கொஞ்சம் குறைய. முழுப் பக்கம் போட்டும் படம் மிஞ்சும். சுவரில மாட்டுற படத்துக்கும் காணும்.

அப்ப ஏன் உங்கட போன் படம் அச்சில கலங்கி வருது? இதை நான் கோயில் மணி அடிச்ச மாதிரிச் சொல்லுறனான், ஒருத்தரும் கேட்கிறேல்லை. நீங்கள் வாட்ஸ்அப்பில அனுப்புறீங்கள்! வழமையா அனுப்பினால் அது நீளப்பக்கத்தை 1600 புள்ளியளவில சுருக்கிப்போடும். அதில பத்துப் பேர் நிப்பினம். அப்பாவின்ர முகம் மட்டும் 200 புள்ளி. அதைப் பக்கம் முழுக்கப் போடட்டாம். இன்னும் சிலபேர் முகநூலில கிடந்ததை ஸ்கிரீன் ஷொட் அடிச்சு, அதில லைக் போட்ட ஆக்களின்ர பேரோட அனுப்புவினம். படம் எடுத்த போனில ஒரு பிழையும் இல்லை, வழியிலதான் படத்தைப் பிழிஞ்சு போடுறீங்கள். படமா இல்லாமல் ஆவணமா, ‘டொக்கியுமென்ற்’ எண்டதை அமத்தி அனுப்புங்கோ, எடுத்தபடியே வரும்.

மற்றது, லென்சைத் துடையுங்கோ. வடை சாப்பிட்ட கையால தூக்கிப் படம் எடுத்திட்டு, “போன் சரியில்லை, எல்லாம் புகைமாதிரிக் கிடக்கு” எண்டால் போன் என்ன செய்யும்? சீலைத் தலைப்பால ஒரு துடை. ஒரு சதம் செலவில்லை.

இரவில எடுக்கேலாது எண்டு தலைவர் சொன்னவர். சின்னச் சென்சருக்குள்ள வெளிச்சம் குறையத்தான் விழும், அது உண்மை, இயற்பியலோட நான் வழக்காட வரேல்லை. ஆனால் நீங்கள் ஒருக்கால் அமத்தினால் போன் ஒரு படம் எண்டு எடுக்கிறேல்லை. அடுத்தடுத்துப் பல படம் எடுத்து, ஒண்டுக்கு மேல ஒண்டு பொருத்தி, புள்ளி புள்ளியாத் தெரியிற அழுக்கை அதால கழிச்சுத்தான் தருது. ஜாம் போத்தல் விளக்கில படிச்ச சனம் நாங்கள். ஒரு மின்குமிழ் வெளிச்சத்தில பிள்ளையின்ர முகம் தெரியுதெண்டால் எங்களுக்கு அது போதாதோ?

சில இடத்தில போன் தோக்கும். மறைக்க மாட்டன். ஓடுற பிள்ளையை இருட்டில எடுத்தால் பிள்ளைக்கு மூண்டு கை வரும். பின்பக்கத்தை மங்கலாக்கிற விளையாட்டில ஒரு ஐயாவின்ர காதைப் பின்னணி எண்டு நினைச்சு அழிச்சுப்போட்டுது. அவர் எங்களிட்ட ஒற்றைக் காதோட வந்தார், காதை வேற படத்தில இருந்து கொண்டுவந்து ஒட்டினம். மண்டைதீவுப் பக்கம் வாற பறவையளைத் தூரத்தில நிண்டு இழுத்தெடுத்தால் பறவையோ பொலித்தீன் பையோ தெரியாது. நல்லூர்த் தேரண்டைக்குச் சனத்துக்குள்ள கையை உயர்த்தி எடுத்தால் முன்னுக்கு நிக்கிறவரின்ர கையும் அவரின்ர போனும்தான் வரும். இதுக்கெல்லாம் தலைவரைக் கூப்பிடுங்கோ, காசைக் குடுங்கோ. ஆனால் தலைப்பை மறக்காதேங்கோ. நல்லூரானுக்கே திருவிழா 25 நாள்தான். மற்ற 340 நாளும் அன்றாடப் பூசை. தலைவர் 25 நாளைப் பேசினவர், நான் 340 நாளைப் பேசுறன்.

அந்த 340 நாளில என்ன எடுக்கிறம்? கரண்ட் பில். பிள்ளை பள்ளிக்கூடம் போகாத நாளின்ர கொப்பி. தண்ணி மோட்டரில தேஞ்சுபோன பெல்ட்டின்ர இலக்கம். எங்கட பக்கத்துத் தோட்டக்காரர் வெங்காயத் தாள் முறுகி மஞ்சளாக, கிட்டப் பிடிச்சு ஒரு படம் எடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பினவர். பின்னேரம் மறுமொழி வந்திட்டுது. அந்தப் படத்தில ஒளியமைப்புச் சரியில்லை எண்டு போதனாசிரியர் திருப்பி அனுப்பேல்லை.

சரித்திரத்திலயும் ஒண்டு இருக்கு. 1997 யூன் 11, கலிபோர்னியாவில சாந்தாகுரூஸ் எண்ட இடத்தில ஒரு ஆஸ்பத்திரி. மனுசி பிள்ளை பெறப் போயிருக்கிறா. பிலிப் கான் எண்டவர் வெளியில சும்மா இருக்கேலாமல் ஒரு டிஜிற்றல் கமெராவையும் மடிக்கணினியையும் கைத்தொலைபேசியையும் வயரால முடிச்சு, பிறந்த மகளைப் படம் எடுத்து, ரெண்டாயிரம் பேரளவில அனுப்பிப்போட்டார். இண்டைக்குப் பார்த்தால் அது மங்கல் படம். ஆனால் போன் கமெராவின்ர கதை தொடங்கினதே ஒரு தகப்பன்ர அவசரத்தில. உறவுக்காரர் ரெண்டு கண்ணும் மூக்கும் தெரிஞ்சுதோ எண்டு பார்த்திருப்பினம், அவ்வளவுதான். கனடாவில இருந்து எங்கட சித்தி கேட்கிறதும் அதுதானே, “பிள்ளை ஆற்றை சாயல்?”

எதிரணியில இருந்து இன்னொரு அம்பு வரும், எனக்குத் தெரியும். போன் பொய் சொல்லுது, தோலை வெளுப்பாக்குது, சுருக்கத்தை அழிக்குது. மெய்தான், அந்த வடிவாக்கிற விளையாட்டை நிப்பாட்டி வையுங்கோ, நிப்பாட்டலாம். ஆனால் ஸ்ரூடியோக்காரர் இதைக் கேட்கக்கூடாது. பென்சிலைச் சீவி நெகட்டிவில கன்னத்துத் தழும்பை மறைச்சது ஆர்? கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால வர்ணம் பூசி, ஊரிலயே இல்லாத ரோசாக் கன்னம் வைச்சது ஆர்? போன் அந்தத் தொழிலை உங்களிட்டத்தான் பழகினது ஐயா.

பிறகு காசு. 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 350ஐத் தாண்டினதை ஒருத்தரும் மறந்திருக்கமாட்டியள். தலைவர் சொல்லுற கமெரா, அதுக்கு ஒரு லென்ஸ், பிறகு கிட்டத்துக்கு ஒண்டு, தூரத்துக்கு ஒண்டு... அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு ஸ்கூட்டி எடுக்கலாம். போன் எப்பிடியும் கையில கிடக்கு.

மணி அடிச்சிட்டீங்கள் ஐயா, ஒரு நிமிசம். விழா தொடங்க முதல் தலைவரிட்டக் கேட்டனான், “ஐயா, கமெரா கொண்டு வரேல்லையோ?” “பாரம் பிள்ளை, இதுக்கெல்லாம் ஆர் காவுறது” எண்டவர். இப்ப அவரின்ர மனுசி ரெண்டாவது வரிசையில நிண்டு அவர் பேசினதை என்னத்தில எடுத்தவ எண்டு நான் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் பார்த்தனீங்கள்.

நடுவர் ஐயாவையும் முன்வரிசையில இருக்கிற அந்தச் சின்னப்பிள்ளை எடுத்திருக்கு, பல்லில்லாத அப்பப்பாவின்ர கதைக்கு நீங்கள் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கேக்கை. தங்கச்சி, அந்தப் படத்தை அழிச்சுப்போடாதை. ஐயாவுக்கு அனுப்பிவிடு. வாட்ஸ்அப்பில எண்டால், ஆவணமா அனுப்பு.