பீக்கோ டிரெயில்ல தனியா நடக்கப் போறீங்களா? நேரக் கணக்கு, தண்ணி, அட்டைக் கடி

வணக்கம் மக்களே. இலங்கை மலையகத்துல தேயிலைத் தோட்டங்கள் வழியா போற நடைபாதையான பீக்கோ டிரெயிலை முதல் தடவை தனியா நடக்கப் போறவங்களுக்கான வீடியோ இது. கண்டி பக்கம் ஹந்தானையில ஆரம்பிச்சு நுவரெலியாவுல முடியுது. 300 கிலோமீட்டருக்கு மேல, மொத்தம் 22 கட்டம். முதல் தடவைக்கு அடுத்தடுத்த மூணு கட்டம் தாராளம்.

வழி தப்பிடுமோன்னுதான் நிறைய பேர் பயப்படுறீங்க. இங்க உங்களை மாட்டிவிடுறது நேரம். ஒரு கட்டம் சராசரியா 14 கிலோமீட்டர். பையோட மணிக்கு 3 கிலோமீட்டர் வைங்க, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டுங்க. 500 மீட்டர் ஏற்றம் இருந்தா அஞ்சரை மணி நேரம், ஓய்வோட ஆறரை. காலையில ஆறரைக்குக் கிளம்பினா மத்தியானம் ஒண்ணுக்கு முடிச்சிடலாம். பத்து மணிக்குக் கிளம்பினா? பின்மதியம் இடி மழை வந்தா நடுத்தோட்டத்துல நிப்பீங்க, ஆறரைக்கெல்லாம் இருட்டிடும்.

சீசனும் இதே கணக்குதான். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரைக்கும் மழை. ஹப்புத்தளை, எல்ல பக்கம் அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும். பிப்ரவரி, மார்ச் ரெண்டு பக்கத்துக்கும் நல்லது. 2025 நவம்பர் டிட்வா புயல்ல மலையகம் முழுக்க மண் சரிஞ்சது, அதனால உங்க கட்டம் திறந்திருக்கா, ரயில் ஓடுதான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க.

தண்ணிக்கு வருவோம். ஓடை பளிங்கு மாதிரி தெரியும், குடிக்காதீங்க. மேல தேயிலைக்கு அடிக்கிற மருந்தும் உரமும் அதுலதான் இறங்குது. ஃபில்டர் கிருமியைத்தான் பிடிக்கும், கரைஞ்ச மருந்தைப் பிடிக்காது. ரெண்டு லிட்டரோட கிளம்பி, வழியில லயத்துலயோ (தோட்டத் தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீடு) கடையிலயோ "அக்கா, கொதிச்ச தண்ணி கொஞ்சம் கிடைக்குமா"ன்னு கேளுங்க. தமிழ்லயே கேக்கலாம், பாதி வழிக்கு நம்ம சனங்கதான்.

அடுத்து, ரத்தம் குடிக்கிற அட்டை. காலுறையை பேன்ட்டுக்கு மேல இழுத்து விட்டு, அது மேல டீட் (DEET) கலந்த பூச்சி விரட்டி மருந்து பூசுங்க. மழையில கழுவிப் போகும், திரும்பப் பூசணும். கடிச்சா உப்பு போடாதீங்க, நெருப்பு வைக்காதீங்க. வயித்துல இருக்கிறதைக் காயத்துக்குள்ளயே கக்கிடும். பாருங்க, இந்த ஒல்லியான முனைதான் வாய். தோலோட ஒட்டி நகத்தை அடியில செருகி, பக்கவாட்டுல தள்ளினா விட்டுடும். அப்புறம் தடிச்ச முனை. ரத்தம் உறையாம இருக்க ஒரு பொருளை விட்டிருக்கும், அதனால கசிஞ்சுகிட்டே இருக்கும். சோப்பு போட்டுக் கழுவி, துணி வெச்சு அழுத்திக் கட்டுங்க.

இதைவிட ஆபத்து குளவி. கொழுந்து பறிக்கிறவங்க இதுக்குப் பலியாகிருக்காங்க. "அந்தப் பக்கம் குளவி இருக்கு"ன்னு ஒருத்தர் சொன்னா மேப்பை மறந்துட்டு வேற வழி கேளுங்க. கூடு கலைஞ்சிடுச்சுன்னா கையால அடிக்காம, முகத்தை மூடிகிட்டு ஓடுங்க.

நாய் குரைச்சா ஓடக் கூடாது. நின்னு, குனிஞ்சு கல் எடுக்கிற மாதிரி காட்டினா போதும். கடிச்சா 15 நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவிட்டு, அன்னைக்கே அரசாங்க ஆஸ்பத்திரி.

பை எட்டு கிலோவைத் தாண்ட வேணாம், டென்ட் தேவையில்ல. பைக்கு மேல மழை உறை போட்டாலும் முதுகுப் பக்கம் நனையும், அதனால உள்ள ஒரு தடிச்ச பிளாஸ்டிக் பை போட்டு அதுக்குள்ள துணியை வைங்க. பழைய தோட்டப் பாதைக் கல் நனைஞ்சா வழுக்கும், ஆழமா வெட்டு இருக்கிற அடிப்பாகம் உள்ள ஷூ வேணும்.

கடைசியா ஒண்ணு. ரெண்டாவது கட்டம் கலஹாவுல இருந்து லூல்கந்துர. 1867ல ஜேம்ஸ் டெய்லர்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் இலங்கையில முதல் முதலா வியாபாரத்துக்குத் தேயிலை போட்ட தோட்டம், அங்க டவுன் கிடையாது. இந்த மாதிரிக் கட்டத்துக்கு முந்தின ராத்திரியே தங்குற இடத்தையும் ஆட்டோவையும் பேசி முடிச்சிடுங்க. எந்த வழியில வர்றீங்க, எத்தனை மணிக்கு வந்து சேருவீங்கன்னும் அந்த வீட்டுக்காரங்ககிட்ட சொல்லி வைங்க.