வளையும் விளக்குக்கு வழி திறந்த உப்பு

நண்பர்களே, வணக்கம். ஒளி உமிழும் கருவியில் ஒளி வெளியேறும் பக்கத்து மின்முனைக்கு இரண்டு வேலை. மின்சாரத்தைக் கடத்த வேண்டும், கண்ணாடிபோலத் தெளிவாகவும் இருக்க வேண்டும். வெகுகாலமாக இதைச் செய்துவருவது இண்டியம் டின் ஆக்சைடு. நல்ல பொருள்தான், ஆனால் பீங்கான் குணம். சில சதவீதம் இழுத்தாலே அப்பளம்போல விரிசல் விடும். வளையும் விளக்குக்கு அது ஆகாது.

1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா எழுதிய கட்டுரைக்குப் பிறகு, உலகின் கவனம் கார்பன் நானோகுழாய்கள், அதாவது கார்பன் அணுக்களாலான மிக மெல்லிய குழாய்கள், பக்கம் திரும்பியது. ஒற்றைச்சுவர்க் குழாயின் விட்டம் சுமார் 1 நானோமீட்டர். இவற்றைத் திரவத்தில் கலந்து தெளித்தால், களத்தில் சிதறிய வைக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இடைவெளியில் ஒளி புகும், தொட்டுக்கொள்ளும் இடங்கள் வழியே மின்சாரம் போகும். வளைத்தாலும் வைக்கோல் முறியாது, கொஞ்சம் நகர்ந்துகொள்ளும்.

சரி, இத்தோடு முடிந்ததா? இல்லை. நேர்மின்முனையாக நானோகுழாய் நன்றாகவே வேலை செய்யும். எதிர்மின்முனையில் எலெக்ட்ரான்களைத் தாராளமாக விட்டுக்கொடுக்கும் பொருள் தேவை. கால்சியம் போன்ற உலோகங்கள் கொடுக்கும், ஆனால் காற்றுப் பட்டாலே கெட்டுவிடும். நானோகுழாயோ காற்றில் கெடாது, எலெக்ட்ரான்களையும் எளிதில் விடாது.

பாராட்டெல்லாம் நானோகுழாய்க்கே போகிறது. முடிச்சை அவிழ்த்தது உப்பு என்பேன் நான். 1995இல் சிபிங் பெய், ஆலன் ஹீகர் குழுவினர் ஒளி உமிழும் மின்வேதிக் கலத்தை அறிவித்தார்கள். ஒளிரும் பாலிமர் என்னும் நெகிழிவகைப் பொருளோடு உப்பைக் கலப்பதுதான் அதன் சூட்சுமம். மின்னழுத்தம் கொடுத்ததும் உப்பின் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட துகள்கள்) பிரிந்து இரு முனைகளுக்கும் ஓடும். அங்கே பாலிமரே மின்கடத்தியாக மாறி, எலெக்ட்ரான் நுழைய வழி திறக்கும். அப்புறம் எதிர்மின்முனை என்ன பொருள் என்பது பெரிய விஷயமே இல்லை. இரண்டு பக்கமும் நானோகுழாயே போதும்!

லாஸ் ஏஞ்சலஸில் பெய்யின் குழு 2009இல் அதைச் செய்துகாட்டியது. 2011இல் 45 சதவீதம் வரை இழுபடும் கருவியையே செய்தார்கள். அதில் என் மனதைத் தொட்டது ஒரு கைவேலை. நானோகுழாய்ப் படலம் கரடுமுரடானது. நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் மறுபக்கத்தைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஆகிவிடும். அதனால் கண்ணாடிமேல் குழாய்களைப் பரப்பி, மேலே பாலிமராக இறுகும் திரவத்தை ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்தார்கள். குழாய்கள் பாலிமருக்குள் பதிந்து, கண்ணாடியை ஒட்டியிருந்த முகம் வழவழப்பாக வந்தது.

அயனிகள் நகர நேரம் பிடிக்கும் என்பதால், ஸ்விட்ச் போட்டவுடன் இது முழுதாக ஒளிர்வதில்லை. நொடிக்குப் பல முறை மாறும் திரைக்கு அந்தத் தாமதம் ஆகாது. சட்டைக் கையிலோ சுவரிலோ ஒட்டும் விளக்குக்குத் தாங்கும்.