ஆட்டமா, அவுட்டா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘இந்தியக் கிரிக்கெட் வீரர் வினூ மன்கட் என்றதும் நினைவுக்கு வரவேண்டியது ஆட்டமா, அவுட்டா?’ என்பது தலைப்பு. ஆட்டமே என்பது என் கட்சி. எதிரணித் தோழர் பத்து நிமிஷம் பேசினார். 1947 சிட்னியை விட்டு நகரவே இல்லை! பந்து போடுமுன், பந்துவீசும் முனையில் கிரீஸ் கோட்டை விட்டுக் கிளம்பிய ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை மன்கட் ரன் அவுட் ஆக்கினார், ‘மன்கடிங்’ என்று ஒரு சொல்லே பிறந்தது என்றார். சரி. அதே ஆஸ்திரேலியப் பயணத்தில் அதற்கு முன்பே ஓர் ஆட்டத்தில் அதே பிரவுனை எச்சரித்து, கேட்காததால் அவுட்டாக்கியதையும் சொல்லியிருக்கலாமே? ஆஸ்திரேலியக் கேப்டன் பிராட்மேனே மன்கட் பக்கம் பேசினாரே, அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டார்?

நான் உங்களைச் சேப்பாக்கத்துக்குக் கூப்பிடுகிறேன். 1952 பிப்ரவரி. இருபது வருஷமாக டெஸ்ட் ஆடியும் ஒன்றில்கூட ஜெயிக்காத இந்தியா. எதிரே இங்கிலாந்து. மன்கட்டின் இடக்கைச் சுழலுக்கு முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட். அதில் நாலு ஸ்டம்பிங்! கிரேவ்னி, கார், ஹில்டன், ஸ்டாதம்... ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டினார்கள். பின்னால் விக்கெட் கீப்பர் சென் பெயில்ஸைத் தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் இன்னும் நாலு விக்கெட். நமக்கு முதல் டெஸ்ட் வெற்றி, அதுவும் இன்னிங்ஸ் வெற்றி.

இப்போது கேட்கிறேன். அந்த முனையில் கோட்டைத் தாண்டியவனை அவுட்டாக்கினால் சாமர்த்தியம்; இந்த முனையில் தாண்டியவனை அவுட்டாக்கினால் மட்டும் பாவமா?

அதே வருஷம் இங்கிலாந்துப் பயணம். மன்கட்டுக்கு அணியில் இடம் நிச்சயம் என்று வாரியம் வாக்குக் கொடுக்கவில்லை. மனுஷர் அங்கே லங்காஷயர் லீக் என்ற உள்ளூர்ப் போட்டியில் ஹாஸ்லிங்டனுக்கு ஆடப் போய்விட்டார். லீட்ஸ் டெஸ்டில் நம்மவர்கள் ஒரு ரன்கூட எடுக்காமல் நாலு விக்கெட்டைக் கொடுத்த பிறகுதான் அவர் ஞாபகம் வந்தது! லார்ட்ஸ் டெஸ்டுக்கு அழைத்தார்கள். முதலில் இறங்கி 72 ரன். பிறகு ஒரே இன்னிங்ஸில் 73 ஓவர் போட்டு 5 விக்கெட். கை ஓய்ந்திருக்கும் என்கிறீர்களா? திரும்பவும் தொடக்க ஆட்டக்காரராகவே போய் 184! தோற்றோம், மறைக்கவில்லை. ஆனால் அந்த டெஸ்டை ‘மன்கட்டின் டெஸ்ட்’ என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்.

2022-ல், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி.யே அந்த ‘மன்கடிங்’ அவுட்டை ‘நேர்மையற்ற ஆட்டம்’ என்ற பிரிவிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட்டோடு சேர்த்துவிட்டது. எதிரணித் தோழருக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நான் கிரீஸுக்குள்ளேயே நின்றுகொள்கிறேன். நன்றி, வணக்கம்.