கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

அன்றாட வாழ்வுக்கு யூதர்களின் வேதமான தோரா சொல்லும் அறம் என்ன என்று பேச அழைத்திருக்கிறார்கள். தோரா என்றதும் சீனாய் மலையும் பத்துக் கட்டளைகளும் பலருக்கு நினைவு வரும். நான் அந்த மலைப்பக்கம் போகப்போவதில்லை. ஓர் ஏழை வீட்டு வாசலில் நின்றுகொள்கிறேன்.

ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்து நூல்களே தோரா. உபாகமத்தின் 24ஆம் அதிகாரத்தில் கடன் கொடுத்தவருக்கு ஒரு விதி இருக்கிறது. அடகு வாங்கப் போகிறவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கியவர் பொருளை எடுத்துவந்து கொடுப்பார்.

பணம் கொடுத்தவர் உள்ளே வந்துவிட்டால் அவர் கண் சும்மா இருக்காது. அடுப்படியில் என்ன இருக்கிறது, மூலையில் என்ன சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்று மேயும். “அது வேண்டாம், இதைக் கொடு” என்று கை நீளும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டுக்காரர் கூனிக் குறுகிப்போவார். கடன்பட்டது பணத்துக்குத்தானே, மானத்துக்கு இல்லையே. இந்தச் சட்டத்தை எழுதியவர் ஒருமுறையாவது கடன் வாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதே அதிகாரம், மாவு அரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்காதே என்கிறது. திரிகை போனால் அன்றைய ரொட்டி போயிற்று. அது உயிரையே அடகு வாங்குவது. ஏழையின் மேலாடையை வாங்கியிருந்தால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு இருப்பது அது ஒன்றுதான். “வேறு எதைப் போர்த்துக்கொண்டு படுப்பான்?” என்று யாத்திராகமம் கேட்கிறது. சட்டப் புத்தகம் கேள்வி கேட்பது அபூர்வம்.

எல்லாம் இனிப்பாகவே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். உன் சகோதரனிடம் வட்டி வாங்காதே என்று சொல்லும் உபாகமம், அந்நியனிடம் வாங்கலாம் என்று விட்டுவிடுகிறது. லேவியராகமமோ, உன்னோடு தங்கியிருக்கும் அந்நியனை உன்னைப்போல நேசி, நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தவன்தானே என்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

கூலிக்கும் பொழுது சாய்வதே கெடு. தினக்கூலியை அன்றன்றே கொடுத்துவிட வேண்டும், அவன் ஏழை, அதை நம்பியே உயிரை வைத்திருக்கிறான் என்கிறது உபாகமம். பின்னால் வந்த தால்மூத் அறிஞர்கள், அதாவது தோராவின் சட்டங்களை விவாதிக்கும் தால்மூத் என்ற யூத நூலின் அறிஞர்கள், இந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஏணியில் ஏறியதும், மரத்தில் தொங்கியதும், சாவுக்குத் துணிந்ததும் எதற்காக, அந்தக் கூலிக்காகத்தானே என்று கேட்டார்கள். உயரமான கட்டடத்தின் சாரத்தில் நின்று வண்ணம் அடிப்பவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி நினைவு வருகிறது.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருந்ததா? இஸ்ரேலின் கடலோரத்தில், யவ்னே-யாமுக்குச் சற்றுத் தெற்கே ஒரு பழைய கோட்டை இருக்கிறது. 1960இல் அங்கே மையால் எழுதப்பட்ட ஒரு பானை ஓடு கிடைத்தது. எழுத்து கிறிஸ்துவுக்கு முன் 7ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. ஓர் அறுவடைக் கூலியாள் அதிகாரியிடம் கொடுத்த முறையீடு அது. அறுத்து, அளந்து, களஞ்சியத்தில் சேர்த்தேன். அதன் பிறகும் சோபாயின் மகன் ஹோஷாயாஹு என் ஆடையை எடுத்துக்கொண்டான் என்கிறான். வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் எனக்காகச் சாட்சி சொல்வார்கள், நான் குற்றமற்றவன் என்கிறான்.

அவன் எந்தச் சட்டத்தையும் மேற்கோள் காட்டவில்லை. ஆடையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்றுதான் மன்றாடுகிறான். ஓட்டின் கடைசி வரிகள் உடைந்து போயிருக்கின்றன.